என் கையெழுத்து போட்ட படங்கள்

எக்ஸ்ரே ஃபிலிமை விளக்குப் பெட்டிமேல் வைத்தவுடன் கண்ணுக்கு ஒன்றும் பிடிபடாது. அறை விளக்கை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வேண்டும். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் சாம்பல் நிறத்துக்குள் இன்னொரு சாம்பல் பிரிந்து தெரியும். உறைக்குள் திட எரிபொருளை நிரப்பி ராக்கெட் மோட்டார்கள் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் இருபத்தாறு வருடம் எனக்கு இதுதான் வேலை. மோட்டாரை ஊடுருவி எடுத்த படங்களைப் பார்த்து, உள்ளே விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறதா, எரிபொருள் எங்காவது உறையை விட்டுப் பிரிந்திருக்கிறதா என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

திட எரிபொருளை நேரில் பார்க்காதவர்கள் அதை ஏதோ வெடிமருந்துப் பொடி என்று நினைக்கிறார்கள். பார்ப்பதற்கு அது பள்ளிக்கூட ரப்பர் மாதிரிதான் இருக்கும். நகத்தால் அழுத்தினால் லேசாகப் பதியும். பெரும்பங்கு அம்மோனியம் பெர்குளோரேட் என்ற, எரிவதற்கு ஆக்சிஜன் தரும் உப்பு, அப்புறம் அலுமினியம் பவுடர், இரண்டையும் பிடித்து வைக்க எச்.டி.பி.பி. என்ற பிசின். கலக்கும்போது கெட்டி மாவுப் பதத்தில் இருக்கும். காற்று நீக்கிய நிலையில் உறைக்குள் ஊற்றி, நாள்கணக்கில் மிதமான சூட்டில் வைத்து இறுக விடுவார்கள். நடுவில் ஒரு துளை. அந்தத் துளையின் சுவரில்தான் தீ பிடிக்கிறது. எரியும் பரப்பு எவ்வளவோ, உள்ளே அழுத்தமும் அதற்கேற்ப இருக்கும். விரிசல் ஒன்று இருந்தால் தீ அதற்குள்ளும் புகும். கணக்கில் இல்லாத பரப்பு எரிய ஆரம்பித்தால் அழுத்தம் எகிறும், உறை தாங்காது.

பற்றவைத்த பிறகு இதை நிறுத்தவும் முடியாது. 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் முதல் ஜி.எஸ்.எல்.வி. கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் நின்றதை நினைத்துப் பாருங்கள். அந்த ராக்கெட்டில் சுற்றியிருக்கும் நான்கு திரவ எரிபொருள் என்ஜின்கள்தான் முதலில் எரியும். நான்கில் ஒன்றுக்கு உந்துவிசை போதவில்லை என்று கண்டதும் கணினி எல்லாவற்றையும் அணைத்துவிட்டது. நடுவிலிருந்த திட மோட்டாருக்கு அதுவரை தீ வைக்கவில்லை. அதனால் ராக்கெட் மேடையிலேயே பத்திரமாக நின்றது, ஏப்ரல் 18 அன்று பறக்கவும் செய்தது. வரிசை மாறி இருந்திருந்தால் அந்த இரண்டாம் வாய்ப்பே கிடையாது. இன்னொன்று: எரித்துப் பார்த்த மோட்டாரை மறுபடி பறக்கவிட முடியாது. அதே கலவையில், அதே முறையில் செய்த வேறொன்றை எரித்துப் பார்க்கலாம். பறக்கப் போகும் மோட்டாரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் காகிதங்களும் படங்களும்தான்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு படத்தின் ஓரத்தில் தலைமுடி மாதிரி ஒரு கரிய கோடு பார்த்தேன். எரிபொருள் உறையிலிருந்து விலகியிருந்தால் அப்படித்தான் தெரியும். நாங்கள் அதை ‘டிபாண்ட்’ என்போம். எழுதிக் கொடுத்தேன். மோட்டாரைத் திருப்பி வைத்து வேறு கோணங்களில் மறுபடி படம் எடுக்க மூன்று நாள் ஆனது. எதிலும் கோடு இல்லை. ஃபிலிமைக் கையாளும்போது விழுந்த மடிப்புத் தடம் அது. வேலை தாமதமானதற்குத் திட்டு விழும் என்று பயந்துகொண்டே போனேன். என் மேலதிகாரி பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபடி, “இனிமேலும் சந்தேகம் வந்தா எழுதுப்பா. மூணு நாள் போனா போகட்டும்” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது. 1986 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் வாண்டன்பெர்க் தளத்திலிருந்து கிளம்பிய டைட்டன் 34டி ராக்கெட் பத்து நொடி தாண்டவில்லை. சாலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்து மூன்று மாதம்கூட ஆகாத நேரம். திட மோட்டார் ஒன்றில், உறையின் உட்புறம் ஒட்டியிருக்கும் வெப்பக்காப்பு உறையை விட்டுப் பிரிந்த இடத்தில் சூடான வாயு புகுந்து உறையைத் தின்றுவிட்டது. மேலே இருந்த உளவு செயற்கைக்கோளும் போயிற்று. நான் தேடிக்கொண்டிருந்தது அதே தலைமுடிக் கோட்டைத்தான்.

எரிபொருள் இருக்கும் கட்டடத்துக்குள் போகும் முன் வாசலில் பதித்த உலோகத் தகட்டை வெறுங்கையால் தொட்டுவிட்டுத்தான் நுழைவோம். உடம்பிலுள்ள மின்னூட்டம் மண்ணுக்கு இறங்குவதற்காக. பருத்தி உடை, தனிக் காலணி, உள்ளே இத்தனை பேர்தான் என்று கணக்கு. புதிதாக வரும் பையன்களுக்கு ஆரம்பத்தில் இதெல்லாம் சடங்காகத் தெரியும். 2003 ஆகஸ்ட் 22 அன்று பிரேசிலின் அல்காந்தராவில், ஏவுவதற்கு மூன்று நாள் இருக்கும்போது, மேடையில் நின்ற வி.எல்.எஸ். ராக்கெட்டின் திட மோட்டார் ஒன்று தானாகப் பற்றிக்கொண்டது. அருகில் வேலை செய்துகொண்டிருந்த 21 பேர் இறந்தார்கள். அடுத்த பிப்ரவரியில் ஸ்ரீஹரிகோட்டாவின் திட எரிபொருள் கூடத்தில் தீ. 6 பேர் போய்விட்டார்கள். நான் அங்கே வேலை பார்த்தவனில்லை. ஆனாலும் அந்த வாரம் முழுக்க எங்கள் கேன்டீனில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

ஒருமுறை எங்களுடைய சிறிய மோட்டார் ஒன்று தரைச் சோதனையில் வெடித்தது. யாருக்கும் காயமில்லை. அன்று மாலையே அந்த மோட்டாரின் படங்கள் அத்தனையும் பெட்டியிலிருந்து வெளியே வந்தன. இரண்டு நாள் இருட்டறையில் உட்கார்ந்து, நானே கையெழுத்துப் போட்டவற்றை மறுபடி படித்தேன். எச்சில் விழுங்கக்கூட மறந்துபோன இரண்டு நாள் அது. படங்களில் ஒன்றுமில்லை. பழுது நாசில் பக்கம், அதாவது எரிந்த வாயு வெளியேறும் குழாய்வாய்ப் பக்கம், என்று தெரிந்ததும் மனசு லேசானது. உடனே வெட்கமாகவும் இருந்தது. நாசில் பிரிவில் என்னோடு பஸ்ஸில் வருகிற நண்பர், அதே நேரத்தில் தன் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

2025 மே 18, ஞாயிற்றுக்கிழமை. நான் ஓய்வுபெற்றுச் சில வருடமாகிவிட்டது. காலை 5.59-க்கு பி.எஸ்.எல்.வி. சி61 கிளம்பியதை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இரண்டு கட்டமும் சரியாகப் போயின. மூன்றாவது கட்டம் திட மோட்டார். அது எரிந்துகொண்டிருக்கையில் மோட்டாருக்குள் அழுத்தம் குறைந்துவிட்டது என்று இஸ்ரோ தலைவர் நாராயணன் அறிவித்தார். இ.ஓ.எஸ்.-09 செயற்கைக்கோள் போயிற்று. காபி ஆறிக்கொண்டிருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

போன் அடித்தது. நாசில் பிரிவு நண்பர்தான்.

“பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. அப்புறம் அவரே கேட்டார்: “இந்நேரம் படமெல்லாம் வெளியே எடுத்திருப்பாங்க, இல்ல?”

“எடுத்திருப்பாங்க” என்றேன்.