இரசாயனவியல் சேரும் கடைசி மேசைப் போத்தலும்

இந்த வருட மலருக்கு என் ஆராய்ச்சியைப் பற்றி எழுதும்படி பழைய மாணவர் சங்கச் செயலாளர் கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்த வாரத்தில்தான் எங்கள் இரசாயனவியல் சேர் காலமான செய்தி வந்தது. தென்னாபிரிக்காவின் டர்பனிலிருந்து செத்தவீட்டுக்குப் போய்ச் சேர வழியில்லை. அதனால் இது சேரைப் பற்றிய கட்டுரையாகவே வருகிறது.

வெள்ளிக்கிழமைச் செய்முறை வகுப்பும் சேரின் சிவப்புப் பேனையும் உங்களுக்கெல்லாம் தெரியும். அன்று நியமிப்பு, அதாவது ஒரு கரைசலின் வலுவை இன்னொன்றால் அளப்பது. அளவிக் குழாயில் அமிலம், குடுவையில் காட்டி சேர்த்த சோடியம் ஐதரொட்சைட்டு. இளஞ்சிவப்பு மறையும் துளியில் நிறுத்த வேண்டும். எல்லோருக்கும் 25 மில்லிலீற்றரை ஒட்டி வந்தது. கடைசி மேசையில் நின்ற எனக்கு எத்தனை தடவை செய்தாலும் 23ஐத் தாண்டவில்லை.

"வகுப்பு முழுக்க ஒரு விடை, உமக்கு மட்டும் வேறயோ? எழும்பி நில்லும்."

மணியடிக்கும்வரை நின்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது, தலையைத் தூக்கவில்லை.

அடுத்த வகுப்பில் சேர் வரவு டாப்பைத் திறக்கவில்லை. என்னை முன்னால் கூப்பிட்டு, தோளில் கைவைத்துச் சொன்னார்: "தம்பியின்ர அளவீடு சரி. போத்தல்தான் பழுது." பள்ளிக்கூடம் விட்டபின் தனியே இருந்து, கடைசி மேசைப் போத்தலை எடுத்துத் தானே நியமித்துப் பார்த்திருக்கிறார். மூடி இறுகாமல் கிடந்ததால் கரைசல் காற்றிலிருந்த காபனீரொட்சைட்டை உறிஞ்சி வலுக்குறைந்திருந்தது. "தனிய நிக்கிற விடையை வெட்ட முதல் போத்தலைப் பாருங்கோ" என்றார். அந்தக் காலத்தில் ஓர் ஆசிரியர் பிள்ளைகள் முன்னால் அப்படிச் சொல்வது சின்ன விஷயமல்ல.

என் வேலை முழுவதும் அந்தப் போத்தலைப் பார்ப்பதுதான்.

இங்கே குவாசுலு-நட்டாலில் காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒன்றாகவே வருகின்றன. காசநோய்க்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள். அவற்றில் ஐசோனியாசிட், றிபாம்பிசின், பைரசினமைட் மூன்றும் ஈரலைத் தாக்கக்கூடியவை. ஐசோனியாசிட் எடுப்பவர்களில் 100க்கு 10 முதல் 20 பேருக்கு ஈரல் நொதியம் சற்றே உயரும், பெரும்பாலும் மருந்தை நிறுத்தாமலே இறங்கிவிடும். யாரோ ஒருவருக்கு மட்டும் கண் மஞ்சளாகி ஈரலே செயலிழந்துவிடும். பரசிற்றமோல் அளவு மிஞ்சினால்தான் நஞ்சு. இதிலோ சரியான அளவே ஆளைக் கொன்றுவிடலாம்.

ஈரலில் நிர்ப்பீடனம், அதாவது உடலின் நோயெதிர்ப்பு, லேசில் கிளம்பாது. 1969இல் றோய் கான் குழுவினர் பன்றிகளுக்கு மாற்று ஈரல் பொருத்தியபோது, நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தில்லாமலே பலவற்றில் அது நிலைத்தது. அந்தப் பொறுமை குலைந்தால் என்ன ஆகும்? 2015இல் ரொறன்ரோ ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் நிர்ப்பீடனத்தை அடக்கி வைக்கும் பிடி-1, சிடிஎல்ஏ-4 என்ற இரு தடைகளையும் விலக்கிவிட்டு, அமோடியாகுவின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தார்கள். மனிதரில் காண்பதைப் போன்ற ஈரல் பாதிப்பு வந்தது. அதாவது மருந்து எல்லோருக்கும் ஒன்றுதான். ஆளின் நிர்ப்பீடனம்தான் வேறு. நான் இரத்த மாதிரிகளில் தேடுவதும் அதைத்தான்.

டர்பனின் சாட்ஸ்வேர்த் பகுதியில் ஒரு மூதாட்டி. 1860க்குப் பிறகு இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழி. பேச்சு ஆங்கிலம், தேவாரம் மட்டும் மனப்பாடம். மருந்து குடித்தால் பிரட்டுகிறது என்றதற்கு, "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று ஒரு கிளினிக்கில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளிச்சத்தில் கீழிமையை இழுத்துப் பார்த்தபோது வெண்விழி நல்ல மஞ்சள். மருத்துவர்கள் உடனே மருந்தை நிறுத்தி, ஈரல் தேறியபின் ஒவ்வொன்றாக, றிபாம்பிசினில் தொடங்கித் திரும்பக் கொடுத்தார்கள். பைரசினமைட்டை விட்டுவிட்டார்கள். அவர் குணமானார். அன்று சேருக்கு எழுத வேண்டும் போலிருந்தது. எழுதினேன்.

பதில் வந்தது. முத்து முத்தான அதே கையெழுத்து. என் ஆராய்ச்சியைப் பற்றி இரண்டு நல்ல கேள்விகள். அப்புறம், "ஒரு வருஷமெண்டாலும் வந்து உயர்தர வகுப்புக்குப் படிப்பியும். இங்க ஆளில்லை" என்று ஒரு வரி. போக வேண்டுமென்றுதான் இருந்தேன். ஊரில் சண்டை, பாதைப் பூட்டு, பிறகு பிள்ளைகளின் படிப்பு என்று வருடங்கள் ஓடிவிட்டன. எங்கள் வகுப்பில் இரசாயனவியலில் அதிவிசேட சித்தி பெற்றவர்கள் இப்போது லண்டன், ரொறன்ரோ, சிட்னி, டர்பன் என்று இருக்கிறோம். சேர் ஓய்வுபெற்ற பிறகும் சம்பளமில்லாமல் அந்த ஆய்வுகூடத்துக்குப் போய்வந்தாராம். அவர் இடத்தில் நிற்க எங்களில் ஒருவரும் அங்கே இருக்கவில்லை.