பத்து சதவீதத்துக்குக் கீழே

ஜூலை 9

இன்று அத்தையிடம் சொல்லிவிட்டோம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்ற பெயரை அவர் முழுதாகக் கேட்கவில்லை. புற்று என்றதுமே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். தினமும் ஒரு மாத்திரைதான், பள்ளிக்கும் போய் வரலாம் என்று இவர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், என் முடி எப்போது கொட்டும் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 12

குமட்டல் தாங்கவில்லை.

ஜூலை 28

இமைகள் வீங்கியிருந்தன. அழுதீர்களா டீச்சர் என்று ஒரு மாணவி கேட்டாள். மாத்திரையால் நீர் கோத்துக்கொள்கிறது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? முடியும் கொட்டாமல் உடம்பும் மெலியாமல் இருப்பதால் எனக்கு நோயே இல்லை என்று நம்புகிற உறவினர்கள் ஒருபுறம், இன்னும் என் சீப்பையே பார்த்துக்கொண்டிருக்கும் அத்தை மறுபுறம். இருவருக்கும் நடுவில் நான் விளக்கம் சொல்லியே களைத்துப்போகிறேன்.

ஆகஸ்ட் 11

நடு இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இவர் எழுந்து நீவிவிட்டார். அதன்பின் தூக்கமில்லை, மூன்றாம் மாதப் பரிசோதனையில், ரத்தத்தில் நோய் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் பிசிஆர்-ஏபிஎல் அளவு பத்து சதவீதத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 18

1960இல் பிலடெல்பியாவில் நோவல், ஹங்கர்ஃபோர்டு என்ற இரு ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் செல்களில் அளவு குறுகிய ஒரு குரோமோசோமைக் கண்டார்கள். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தம் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதே காரணம் என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த இடமாற்றத்தில் பிறக்கும் புரதம்தான் வெள்ளை அணுக்களை ஓயாமல் பெருகச் செய்கிறது. நான் விழுங்கும் 400 மில்லிகிராம் இமாட்டினிப் அதைத்தான் தடுக்கிறது. இம்மருந்தின் கிளிவெக் வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்திராவிட்டால், உள்நாட்டுத் தயாரிப்பு இந்த விலையில் எனக்குக் கிடைத்திருக்குமா? அந்த வழக்கில் நின்று போராடிய நோயாளிகளை எண்ணி இன்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்கு நான் மிகவும் கடன்பட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 3

வாசலில் பம்பளிமாசு விற்றுக்கொண்டு போனார்கள். இந்த மாத்திரையோடு அது எனக்கு ஆகாது.

செப்டம்பர் 22

மூன்றாம் மாதப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். இன்று இந்த நோய்க்கான உலக நாளாம். ஒன்பதாம் மாதம், இருபத்திரண்டாம் தேதி.

செப்டம்பர் 27

முடிவு வரவில்லை. வகுப்பில் இரண்டு முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 1

பத்துக்கு மேல் இருந்தால் மரபணு மாற்றம் உண்டா என்று சோதித்து, டாசாடினிப்போ நிலோடினிப்போ கொடுக்கலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருக்கிறார். வழி இருக்கிறது என்பது ஆறுதல்தான். ஆனால் தம்பியின் கல்லூரிக் கட்டணத்தையும் புது மாத்திரையின் விலையையும் ஒரே சம்பளத்தில் எப்படிச் சமாளிப்பது என்பதில் மனம் சிக்கிக்கொள்கிறது. பத்துக்குள் வந்துவிட்டாலும் ஆறாம் மாதத்தில் ஒரு சதவீதம், ஓராண்டில் 0.1 என்று அடுத்த எல்லைகள் காத்திருக்கின்றன. இதை இவரிடம் சொன்னபோது, முதலில் இந்த முடிவு வரட்டும் என்றார். நாளைக் காலை பதினொரு மணிக்கு மேல் ஆய்வகத்தில் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்பதாம் வகுப்புப் பாடவேளை.