இரும்புச் சட்டைக்கு அளவெடுத்த கதை

செயின்மெயில் சட்டை, அதாவது இரும்பு வளையங்களைக் கோத்துப் பண்ற பழங்காலப் போர்ச் சட்டை செய்றேன்னு சொன்னா எல்லாரும் கேக்குற மொத கேள்வி எத்தனை வளையம்ங்கறதுதான். 28 ஆயிரத்துச் சொச்சம். அதைக் கேட்டு வாயைப் பொளந்துட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிடுவாங்க. வளையம் செய்றதெல்லாம் வெறும் பொறுமைதாங்க, ஒரு மாசம் உக்காந்தா கை தானா பழகிடும். என்னை நிஜமா அழ வச்சது அந்த வளையக் கூட்டத்தை ஒரு ஆள் போடுற மாதிரி சட்டையாக்குற தையல் வேலை.

மொத தடவை பண்ணது ரிவெட் இல்லாத சட்டை, அதாவது வளையத்தோட ரெண்டு முனையையும் சேத்துப் பூட்டுற குட்டி ஆணி இல்லாதது. கம்பியை வளைச்சு ரெண்டு முனையையும் முட்ட வச்சு விட்டுட்டா போதும்னு நெனச்சேன். போட்டுக் கையை ஆட்டினா அக்குள் பக்கம் ஒவ்வொண்ணா வாயைத் தொறந்துக்குது, நடந்த வழியெல்லாம் வளையம். தடிமனான கம்பி போட்டா தொறக்காது, ஆனா எடை ஏறிடும். ரிவெட் அடிச்சா 1.2 மில்லி கம்பியே போதும். சரி ரிவெட்டே அடிச்சுருவோம்னு எறங்கினேன், ரெண்டு வருஷ லீவு நாள் அதுல போச்சு.

கம்பி சாதா கருப்புக் கம்பி, கட்டுக்கம்பி வகையறா. ஜிங்க் பூசின பளபள கம்பியை தயவுசெஞ்சு எடுக்காதீங்க, இதை நெருப்புல போட்டே ஆகணும், அந்தப் புகையை இழுத்தா ராத்திரியே குளிர் காய்ச்சல் வந்து படுத்துருவீங்க. 9 மில்லி ராடுல ஸ்பிரிங் மாதிரி சுத்தி, ஒரு பக்கமா வெட்டிக்கிட்டே வந்து, ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற மாதிரி குறட்டால அமுக்குவேன். முனை ஏறினதுல வளையம் சுருங்கி உள்விட்டம் 8 மில்லிக்குப் பக்கத்துல வந்து நிக்கும். அப்புறம் கொத்தாக் கட்டி செக்கச்செவேல்னு பழுக்க வச்சு, சாம்பல்ல பொதைச்சு தானா ஆற விடணும். முனை ஏறின இடத்தை சுத்தியலால ஒரே அடி, தட்டையாகணும், நசுங்கிடக் கூடாது. அடிச்ச அடியில இரும்பு இறுகிப்போயிருக்கும், அதனால திரும்ப ஒரு தடவை நெருப்பு. இந்த ரெண்டாவது சூட்டை சோம்பல்பட்டு விட்டேன்னா ஓட்டை போடுறப்ப பொட்டுன்னு விரிசல் விட்டுரும், அப்படி ஒரே நாள்ல ஒரு டப்பா வளையத்தைக் குப்பையில போட்டிருக்கேன்.

ஓட்டை போடுறதுதான் இதுல எனக்குப் பிடிச்ச இடம். எல்லாரும் ட்ரில்லத்தான் மொதல்ல தேடுவாங்க, நானும் தேடினேன். ஆனா தட்டையாக்கின இடத்தோட அகலமே 2 மில்லி சொச்சம், ட்ரில் பிட் நடுவுல இரும்பைத் தின்னுட்டா ரெண்டு ஓரத்துலயும் மயிரிழைதான் மிஞ்சும். குத்தணும். கூராத் தீட்டின பஞ்ச், அதாவது குத்துற உளி, இரும்பை வெட்டி எடுக்காம ஒதுக்கித் தள்ளும், ஓட்டையைச் சுத்தி அது பிதுங்கிக்கிட்டு நிக்கும், பலம் எங்கயும் போகாது. அந்த ஓட்டைக்குள்ள எள்ளு சைஸுல முக்கோணமா வெட்டின ஒரு ஆப்பு, அதுதான் ரிவெட். என் குறட்டோட ஒரு தாடையில சின்னதா ஒரு குழி போட்டு வச்சிருக்கேன், அதுல வச்சு அமுக்கினா ஆப்போட நுனி குழிக்குள்ள மழுங்கி குட்டியா ஒரு மொட்டு மாதிரி நிக்கும். ஆப்பைக் கீழ போட்டீங்கன்னா மறந்துடுங்க, தேடாதீங்க, அடுத்ததை எடுங்க.

மொத்த வளையத்துல பாதி, தகட்டுலேர்ந்து குத்தி எடுத்த முழு வளையம், அதுக்கு வாயே கிடையாது. ஒவ்வொரு ரிவெட் வளையமும் நாலு முழு வளையத்தைக் கோத்துப் பிடிக்கும், ஒரு வரிசை முழுசு, ஒரு வரிசை ரிவெட். இது என் சோம்பேறித்தனம் இல்ல, ரோமானியர் காலத்துலயே இப்படித்தான் பண்ணாங்க. ஐரோப்பாவுல முழுக்க ரிவெட் வளையமாவே போடுற பழக்கம் 14-ஆம் நூற்றாண்டு வாக்குலதான் பரவலாச்சு. அப்படிப் பாத்தும் எனக்கு 14 ஆயிரம் ரிவெட், கை நல்லா ஓடுற நாள்ல மணிக்கு 40.

இப்ப தையலுக்கு வருவோம். துணிக்குப் பாவு ஊடைன்னு இருக்குற மாதிரி இதுக்கும் திசை உண்டு. வரிசை குறுக்கால ஓடுற மாதிரி தொங்கவிட்டா, சொந்த எடையில வளையமெல்லாம் நெருக்கி உடம்பைப் பிடிச்சுக்கும், ஆனா மூச்சு இழுத்தா அகலத்துல விரிஞ்சு குடுக்கும். நெட்டுக்குத்தலா தொங்கவிட்டா பல்லிளிச்சுக்கிட்டு சாக்கு மாதிரி தொங்கும், விரியவும் விரியாது. அதனால உடம்புக்கு வரிசை இடுப்பைச் சுத்தி ஓடணும்.

இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு நான் பண்ண முட்டாள்தனம் என்னன்னா, டீஷர்ட் மேல டேப் வச்சு அளவெடுத்தேன். இந்தச் சட்டைக்கு அடியில பஞ்சு திணிச்சுத் தைச்ச தடி உள்சட்டை போடணும், இல்லாட்டி அடி அப்படியே எலும்புல எறங்கும். எல்லாம் முடிஞ்சு உள்சட்டையைப் போட்டுக்கிட்டு மேல மாட்டினா தோள்பட்டையில வந்து நின்னுடுச்சு. தலை உள்ள, ரெண்டு கையும் மேல, சட்டை ஏறவும் மாட்டேங்குது எறங்கவும் மாட்டேங்குது. கடைசில குனிஞ்சு தலைகீழா நின்னு நாய் ஒதறுற மாதிரி ஒதறித்தான் வெளிய வந்தேன், பின்மண்டை முடி கொஞ்சம் அதுலயே மாட்டிக்கிட்டு போயிருச்சு.

பிரிச்சுத் தைக்கலாம்னா ரிவெட் அடிச்ச வளையத்தைப் பிரிக்க முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். ஒரு தப்புக்கு நூறு இருநூறு வளையம் காலி. அதுக்கப்புறம்தான் புத்தி வந்துச்சு. தையல்காரங்க மொதல்ல பெரிசு பெரிசா ஓட்டுத் தையல் போட்டுப் பாப்பாங்கல்ல, அதே மாதிரி மெல்லிசு செப்புக் கம்பியில வளையம் பண்ணி, ரிவெட் அடிக்காம தற்காலிகமா இணைச்சு, போட்டுப் பாத்து, சரியா இருந்தா மட்டும் செப்பைக் கழட்டிட்டு இரும்பைப் போட ஆரம்பிச்சேன். செப்பு கருப்புல பளிச்சுன்னு தெரியும், எது பாக்கின்னு தேட வேண்டாம்.

அகலம் கூட்டணும்னா ஒரு வரிசையில ரெண்டு வளையத்துக்கு நடுவுல சும்மா ஒரு வளையத்தை உபரியா தொங்க விட்டுட்டா போதும், அடுத்த வரிசை அதையும் சேத்துப் பிடிச்சுக்கும். குறைக்கணும்னா ஒரு வளையம் மேல ரெண்டுக்குப் பதிலா மூணைப் பிடிக்கும். ஸ்வெட்டர் பின்னத் தெரிஞ்சவங்களுக்கு இது உடனே புரியும். இடுப்புல குறைச்சு, தொடை பக்கம் திரும்பக் கூட்டினேன். முதுகுல ரெண்டு தோள் எலும்புக்கும் நடுவுல கூட்டினதுதான் ரொம்ப உபயோகம், கையை முன்னால நீட்டினா முதுகு எவ்வளவு அகலமாகுதுன்னு இரும்புச் சட்டை போட்டாத்தான் தெரியும்.

அக்குள்தான் நாலு தடவை வெட்டினது. உடம்பு ஒரு குழாய், கை ரெண்டு குழாய்னு ஒட்ட வச்சா, கையைத் தூக்குறப்ப சட்டை மொத்தமும், 8 கிலோவுக்கு மேல, கூடவே தூக்கிக்கிட்டு வரும். துளையைக் கீழ எறக்கி தாராளமா விட்டா சரியாகும்னு தோணும், அது இன்னும் மோசமாத்தான் ஆகும். கைக்குழியை அக்குளுக்கு ஒட்டி மேல ஏத்தணும், அதுக்குக் கீழ டைமண்ட் மாதிரி ஒரு துண்டை விடணும், அப்பத்தான் கை தனியா மேல போகும். கையோட வரிசையையும் உடம்புக்குக் குறுக்கால திருப்பினேன், அந்த இணைப்புல ரெண்டு பக்க எண்ணிக்கையும் ஒத்துப்போகாது, அங்கங்க ஒரு வளையம் ரெண்டுக்குச் சேத்து வேலை செய்யணும். இடது பக்கம் அழகா வந்துச்சு. வலது பக்கத்தை உத்துப் பாக்காதீங்க.

பெல்ட் கட்டினா பாதி எடை இடுப்புக்கு எறங்கிடுது, தோளுக்கு அப்பாடான்னு இருக்கும். துருவுக்கு மணலோட ஒரு டப்பாவுல போட்டு உருட்டுறேன், அப்புறம் எண்ணெய், கை விரல் நுனியெல்லாம் எப்பவும் கருப்புதான். கழுத்து மட்டும் இன்னும் செப்புலயே நிக்குது, ரிவெட் அடிக்கல, தலை சுலபமா நுழையணும், நுழைஞ்சப்புறம் வாயைப் பொளக்கக் கூடாது, மூணு விதமா வச்சுப் பாத்துட்டேன், அடுத்து முன்னால சின்னதா ஒரு பிளவு விட்டு ஓரத்தை மடிச்சுக் கட்டிப் பாக்கப் போறேன்.