பிஜிபி: நெய்பர் ஏத்துறதுக்கு முன்னாடி ஃபில்டர் போடுங்க

மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல ஒரு சின்ன வயர்லெஸ் இன்டர்நெட் கம்பெனிக்கு ரூட்டர் வேல பாத்துக் குடுக்குறேன், டவர்லேருந்து சுத்துப்பட்டு தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் லைன் போகுது, இப்ப புதுசா ரெண்டாவது அப்லிங்க், அதாவது இன்டர்நெட்டுக்கு மேல போற லைன், எடுத்திருக்காங்க. அத பிஜிபில இணைக்கணும், அதாவது நெட்வொர்க்குங்க தங்களுக்குள்ள ரூட்ட (எந்த ஐபி முகவரிக்கு எந்த வழின்னு) சொல்லிக்கிற முறையில; எதிர்முனை ரூட்டருக்குத்தான் நெய்பர்னு பேரு. அங்க வேல கத்துக்குற தம்பி கேட்டான், "அண்ணே, ஷோ ஐபி பிஜிபி சம்மரியில ஆக்டிவ் போயி நம்பர் வந்துருச்சு, முடிஞ்சிச்சுல்ல?" இல்லப்பா, அது நெய்பர் ஒட்டிக்கிச்சுன்னு மட்டும்தான் காட்டுது, இனிமேதான் வேலயே.

சிஸ்கோ ரூட்டரோட ஐஓஎஸ் மென்பொருள்ல ஃபில்டர் (எந்த ரூட்ட அனுப்பலாம், வாங்கலாம்னு வடிகட்டுறது) போடாம விட்டா ஒரு அப்லிங்க்ல கத்துக்கிட்ட ரூட்ட அப்படியே அடுத்த அப்லிங்குக்கு சொல்லிரும், அவங்க அத வாங்கிக்கிட்டா யார் யாரோட டிராஃபிக்கோ நம்ம வழியா வரும், ஹைவே லாரி அத்தனையும் தோட்டத்து செம்மண் ரோட்டுக்குள்ள திருப்பி விட்ட மாதிரி. இது சும்மா பயமுறுத்த சொல்றதில்ல. 2015 ஜூன் 12 அன்னிக்கு நம்ம நாட்டு நெட்வொர்க் ஒன்னுலேருந்து சுமார் 179,000 ரூட் இப்படி லீக் ஆச்சு, மேல இருந்த பெரிய புரொவைடரும் வடிகட்டாம வாங்கிக்கிச்சு, உலகம் பூரா பல எடத்துல இன்டர்நெட் தவழ்ந்துச்சு. ரெண்டு பக்கமும் ஃபில்டர் வேணும்னு நான் அடிச்சு சொல்றது அதனாலதான்.

அதனால நெய்பர், ரிமோட்-ஏஎஸ் (எதிர்ப்பக்க நெட்வொர்க்கோட நம்பர்) எழுதுன கையோட, செஷன் ஏறாம நிறுத்தி வைக்க ஷட்டவுன் போட்டுருங்க. அவுட் பக்கம் (நாம அனுப்புறது) பிரிஃபிக்ஸ்-லிஸ்ட்ல நம்ம சொந்த பிளாக் (நம்ம ஐபி முகவரித் தொகுதி) மட்டும், கூடவே ஏஎஸ்-பாத் ^$ (நம்ம நெட்வொர்க்லயே கெளம்புன ரூட் மட்டும்) போட்டா இன்னும் நிம்மதி. இன் பக்கம் (நமக்கு வர்றது) நம்ம பிளாக்கே திரும்பி வந்தா டினை, அதாவது வாங்காதீங்க, 10.0.0.0/8 மாதிரி பிரைவேட்டும் டினை, மேக்ஸிமம்-பிரிஃபிக்ஸ் (எத்தன ரூட் வரைக்கும் வாங்கலாம்ங்கிற வரம்பு) கண்டிப்பா வேணும், அளவு தாண்டுனா செஷன் விழுந்துரும், விழட்டும், ரூட்டர் மூச்சு முட்டுறதுக்கு அது தேவல. நெட்வொர்க் கமாண்ட் போட்டும் ரூட் வெளிய போகலன்னா அதே பிளாக், அதே மாஸ்க்ல ரூட்டிங் டேபிள்ல இருக்கான்னு பாருங்க, இல்லன்னா நல்0க்கு (வர்றத தூக்கிப் போடுற பொய் இன்டர்ஃபேஸ்) ஒரு ஸ்டேட்டிக் ரூட், அதாவது கையால எழுதுற ரூட், போடுங்க. இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் நோ ஷட்டவுன்.

லேயர் 3 சுவிட்ச்சுல (ரூட்டிங்கும் செய்யுற சுவிட்ச்) ஓட்டுறவங்க முழு டேபிள், அதாவது இன்டர்நெட் ரூட் அத்தனையும், வாங்காதீங்க, டீஃபால்ட் ரூட் (எல்லாத்துக்கும் ஒரே வழி) போதும். 2014 ஆகஸ்ட்ல டேபிள் 512,000 தாண்டுனப்பவே பழைய ரூட்டருங்க பலதுல எடம் பத்தாம போச்சு, இப்ப 900,000க்கும் மேல.

ஏத்துனதும் ஷோ ஐபி பிஜிபி நெய்பர்ஸ், அப்புறம் நெய்பரோட ஐபி, அட்வர்டைஸ்ட்-ரூட்ஸ் அடிச்சு நாம அனுப்புற ரூட்ட ஒவ்வொரு வரியா படிங்க, நம்ம பிளாக் தவிர வேற எதாச்சும் இருந்தா ஒடனே ஷட்டவுன். ஐபிவி6 ஓட்டுனா அதுக்கு தனி லிஸ்ட் எழுதணும், இந்த லிஸ்ட் அதப் புடிக்காது.