அக்கேசியா உறைகளில் இருந்த 62 தாள்கள்

உலர்த்திய தாவரங்களைத் தாள்களில் ஒட்டிப் பாதுகாக்கும் எங்கள் கல்லூரி ஹெர்பேரியத்தில் ‘அக்கேசியா’ உறைகளில் இருந்த 62 தாள்களுக்குப் புதிய பெயர்ச் சீட்டு ஒட்டும் பணி சென்ற கோடையில் என்னிடம் வந்தது. பெயரை மாற்றி எழுதினால் முடிந்துவிடும் என்று நினைத்த அந்தப் பணிக்கு மூன்று வாரங்கள் ஆயின.

பிலிப் மில்லர் என்ற தாவரவியலாளர் 1754இல் நிறுவிய அக்கேசியா, ஒரே மூதாதையின் வழிவந்த பேரினம் அல்ல என்பதை மரபணு ஆய்வுகள் காட்டிவிட்டன. அதைப் பிரிக்கும்போது பழைய பெயர், பேரினத்தின் பெயருக்கு அடையாளமாகக் குறிக்கப்பட்ட ‘வகைச் சிற்றினம்’ இருக்கும் பிரிவுக்கே சேர வேண்டும் என்பது விதி. அந்த வகைச் சிற்றினம் நம் கருவேலம். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஏறத்தாழ 1000 சிற்றினங்களின் பெயர் மாறிவிடும் என்பதால், வகையையே ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினத்துக்கு மாற்றும் முன்மொழிவு 2005இல் வியன்னாவில் நடந்த பன்னாட்டுத் தாவரவியல் மாநாட்டில் வந்தது. வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் எதிர்த்தும், அதைத் தடுக்கத் தேவையான 60 விழுக்காடு எட்டப்படாததால் அது நிலைத்தது. 2011இல் மெல்போர்ன் மாநாடும் அதை உறுதி செய்தது. நீலகிரிப் புல்வெளிகளை ஆக்கிரமித்த சீகை மரம் அக்கேசியா மியர்ன்சி என்றே நீடிக்க, கருவேலம் அப்பெயரை இழந்தது எனக்கு இன்றும் வருத்தமே. ஆயினும், கருவேலம் சென்று சேர்ந்த வாச்செல்லியா என்ற பேரினம், சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய இராபர்ட் வைட்டும் ஆர்னாட்டும் 1834இல், தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய தங்கள் நூலில் நிறுவியது என்று அறிந்தபோது மனம் சற்று இளகியது.

பணியின் கடினம் முள்ளில் இருந்தது. வாச்செல்லியாவில் இலையடிச் செதில்களே இணை முட்களாக மாறியிருக்கும். பழைய அக்கேசியாவிலிருந்து பிரிந்த மற்றொரு பேரினமான செனகாலியாவில் அவ்வாறு இராது, அங்கு இருப்பவை பட்டையின் மேற்புறத்திலிருந்து எழும் கொக்கி முட்கள். கருங்காலியில் அந்தக் கொக்கிகளும் இலையடிக்குக் கீழே இணையாகவே அமைவதால், முதல் நாள் நான்கு தாள்களை வாச்செல்லியா பக்கம் தவறாக வைத்துவிட்டேன். மறுநாள் கைலென்ஸில் பூக்களைப் பார்த்தபோது, அவை கருவேலத்தைப் போல உருண்டைத் தலையாக இல்லாமல் நீண்ட கதிராக இருந்தன. நான்கையும் செனகாலியா உறைக்கு மாற்றினேன்.

பழைய சீட்டை எக்காரணத்தாலும் அகற்றக் கூடாது. புதியதை அதன் அருகில் பெயர், தேதி, கையொப்பத்துடன் ஒட்ட வேண்டும். இதன் மதிப்பைக் குடைவேலத்தின் தாளில்தான் உணர்ந்தேன். உலர்ந்த கிளையில் காண முடியாத அம்மரத்தின் தட்டையான உச்சியைச் சேகரித்தவர் பழைய சீட்டில் குறித்து வைத்திருந்தார்.

ஒரு தாள் மட்டும் எஞ்சியது. பூவும் காயும் முள்ளும் இல்லாத ஒரு நுனிக்கிளை அது. ‘அக்கேசியா, விரிந்த பொருளில்’ என்று, அதாவது பிரிப்பதற்கு முந்தைய பொருளில், எழுதித் தனி உறையில் வைத்திருக்கிறேன்; சேகரித்த இடம் சீட்டில் இருப்பதால், பூக்கும் பருவத்தில் அங்கே சென்று அந்த மரத்தைத் தேட இருக்கிறேன்.