வாங்காமலே கேம்பர்வேனில் தூங்கிய கதை

சிங்கப்பூரில் கேம்பர்வேன், அதாவது உள்ளேயே படுத்துச் சமைக்க வசதியுள்ள வேன், வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சி.ஓ.இ. (வாகன உரிமைச் சான்றிதழ்) பேச்சைத்தான் எடுப்பேன். 1990இல் வந்த ஏற்பாடு. ஒரு வண்டியைப் பத்து ஆண்டுகள் வைத்திருக்கும் உரிமையை மட்டும் ஏலத்தில் எடுக்க வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான 'பி' பிரிவு 150,001 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது. வண்டியின் விலை அதில் சேரவில்லை. அப்படியே யாராவது வாங்கிக் கொடுத்தாலும் எங்கள் புளோக்கின் பல மாடிக் கார்நிறுத்தத்தில் உயரத் தடை இரண்டு மீட்டர் சொச்சம்தான். எங்கே கொண்டுபோய் நிறுத்துவது? தீவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐம்பது கிலோமீட்டர். காலையில் கிளம்பினால் பசியாற நேரம் வருவதற்குள் ஊர் முடிந்துவிடும்.

இதையெல்லாம் சொன்னபோது என் வீட்டுக்காரர் ரொம்ப நிதானமாக, "சரி, அப்ப வாடகைக்கு எடுத்துக்குவோம். ஓட்டுறதுக்கு இடம் இருக்கிற ஊர்ல" என்றார். நான் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறவள். இரண்டு பிள்ளைகள், ஒரு வீட்டுக் கடன், ஊரில் மாமியார் மருந்துச் செலவு. 'வாடகைக்கு' என்ற சொல் எனக்கு ஆறுதலாக இல்லை. ஆனால் மறுக்கவும் தோன்றவில்லை.

வெளிநாடு போவதற்கு முன் இங்கேயே கூடாரம் போட்டுப் பார்க்கலாம் என்றேன். பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தில் கூடாரம் ஒன்று கிடைத்தது. இரண்டு தடவை மட்டும் விரித்ததாம், கொடுத்தவருக்கு வீட்டில் இடம் இல்லையாம். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் பாசிர் ரிஸ் பூங்காவிலும் முகாமுக்கென்று ஒதுக்கிய பகுதிகள் உண்டு. தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். அதை ஏ.எக்ஸ்.எஸ். என்ற கட்டணச் சேவை வழியாக எடுக்கலாம், கட்டணம் கிடையாது. சிங்கப்பூரில் இலவசமாகக் கடற்கரையில் தூங்கலாம் என்பது என்னோடு வேலை செய்பவர்கள் பலருக்கு இன்னும் தெரியாது.

தூங்கினோமா என்பது வேறு. வெக்கை, கொசு, பக்கத்துக் கூடாரத்தில் விடிய விடியப் பாட்டு. ஆனால் எங்களுக்கு எது இல்லாமல் முடியாது என்பது அங்கேதான் தெரிந்தது. நடுராத்திரியில் சின்னவளைக் கழிவறைக்குக் கூட்டிப்போவதுதான் பெரும்பாடு. நாற்காலி, மடக்கு மேசை, தொங்கும் விளக்கு என்று வாங்கியதில் பாதி, வீட்டில் சாமான் அடுக்கும் பாம் ஷெல்டர் அறையை விட்டு மறுபடி வெளியே வரவே இல்லை. அப்புறம் புலாவ் உபின் என்ற சின்னத் தீவுக்குப் போனோம். சாங்கி முனைப் படகுத்துறையில் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் படகு கிளம்பும், ஆளுக்கு 4 வெள்ளி. ஜெலுத்தோங் கடற்கரையில் தங்கினோம். குடிதண்ணீரை நாமே சுமக்க வேண்டும். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் ஆகும் என்பதை தோள் வலியால் கற்றுக்கொண்டேன். பின்னால் வேனின் தண்ணீர்த் தொட்டி எத்தனை லிட்டர் என்று விளம்பரத்தில் பார்த்தபோது அந்த எண்ணுக்கு எனக்கு அர்த்தம் இருந்தது.

மலேசியாவையும் யோசித்தோம். பக்கம், மலிவு. ஜோகூரில் முகாம் இடங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எங்களிடம் கார் இல்லை. கார் உள்ள என் தம்பிக்கு வி.இ.பி. (வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள் நுழைய வேண்டிய அனுமதி) பதிவு இன்னும் முடியவில்லை. அது இல்லாமல் போய் மாட்டினால் 300 ரிங்கிட் அபராதம். "அக்கா, நான் பதிவு பண்ணினதும் கூப்பிடுறேன்" என்றான். இன்னும் கூப்பிடவில்லை.

கடைசியில் நியூசிலாந்தின் தென் தீவு என்று முடிவானது. காரணம் பள்ளி விடுமுறை. நமக்கு ஜூன் விடுமுறை நீளம். அங்கே ஜூன் என்றால் குளிர்காலத் தொடக்கம், பனிச்சறுக்கு ஊர்களைத் தவிர மற்ற இடங்களில் கூட்டம் இல்லாத பருவம். அதே வேனுக்கு டிசம்பரில் கேட்ட தினசரி வாடகையில் பாதிகூட ஜூனில் இல்லை. மொத்தச் செலவில் பெரிய மிச்சம் இந்த ஒரு முடிவால் வந்ததுதான். தள்ளுபடிக் குறியீடு தேடிய இரவுகள் எல்லாம் அதற்கு முன் தூசு.

சில விஷயங்கள் சிங்கப்பூர்க்காரர்களுக்குச் சாதகம். அங்கேயும் இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் மொழிபெயர்ப்பு தேவையில்லை. விசா வேண்டாம், ஆனால் மின்னணுப் பயண அனுமதி வேண்டும். செயலியில் எடுத்தால் 17 நியூசிலாந்து வெள்ளி. அதோடு பயணிகள் தீர்வை 100. 2024 அக்டோபரில்தான் 35இலிருந்து 100 ஆக்கினார்கள். சின்னப் பிள்ளைக்கும் அதே கட்டணம். நாலு பேருக்கு 468. விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்துவிடாதீர்கள்.

வேன் எடுப்பதுதான் உண்மையான வேலை. விளம்பரத்தில் உள்ள நாள் வாடகையை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. நான் ஒரு எக்ஸெல் தாள் போட்டேன். வாடகைக்குப் பக்கத்தில் காப்புறுதிக்கு ஒரு பத்தி, டீசல் வரிக்கு ஒரு பத்தி, பிள்ளை இருக்கை, படுக்கை விரிப்பு, எரிவாயு, கார்டில் கட்டினால் கூடுதல் கட்டணம் என்று நீண்டுகொண்டே போனது. முதல் பத்தியில் மலிவாக இருந்த வேன் கடைசிப் பத்தியில் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

இதில் காப்புறுதிதான் பெரிய பூச்சாண்டி. விபத்து நடந்தால் நாம் ஏற்க வேண்டிய தொகை பல ஆயிரம் வெள்ளி. அதை நம் கடன் அட்டையில் பிடித்து வைப்பார்கள். பிடிக்க வேண்டாம் என்றால் நாளுக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். அந்த நாள் கட்டணம் சில நேரம் வாடகைக்கே போட்டியாக வந்து நிற்கும். வெளியே தனியாக இந்தத் தொகைக்கு மட்டும் காப்புறுதி எடுத்தால் மலிவு. ஆனால் அட்டையில் அவ்வளவு வரம்பு இருக்க வேண்டும், தொகை திரும்பும்வரை பொறுத்திருக்க வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம். இங்கே வாங்கும் பயணக் காப்புறுதியிலும் வாடகை வண்டிக்கு என்று ஒரு வரி இருக்கும். அதில் கேம்பர்வேன் சேருமா என்று விதிமுறைத் தாளில் தேடிப் பாருங்கள். விற்பவர் வாய்மொழியாகச் சொல்வது போதாது.

அடுத்தது டீசல். அங்கே பம்பில் டீசல் பெட்ரோலைவிட நல்ல மலிவாகத் தெரியும். அதற்குக் காரணம், சாலை வரியை எண்ணெய் விலையில் வாங்காமல் ஓடிய தூரத்துக்கு வாங்குகிறார்கள். லேசான டீசல் வண்டிக்கு நாங்கள் போனபோது 1,000 கிலோமீட்டருக்கு 76 நியூசிலாந்து வெள்ளி. வாடகை நிறுவனம் அதில் தன் பங்கையும் சேர்த்து, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்கும். ஆகவே தூரத்தைக் குறைத்தோம். தீவு முழுக்கச் சுற்றுவது என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு, கிறைஸ்ட்சர்ச்சில் தொடங்கி டெக்கபோ, மவுண்ட் குக், பிறகு கடலோரம் ஒவாமாரு, திரும்பவும் கிறைஸ்ட்சர்ச். மில்ஃபோர்ட் சவுண்ட் பார்க்காமல் வந்தீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், பார்க்கவில்லை.

வேனில் கழிவறை வேண்டுமா என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் அனுபவம் பேசியது. சட்டமும் அந்தப் பக்கம்தான். நகராட்சி இடங்களில் காசு கொடுக்காமல் இரவு தங்க, பெரும்பாலும் வண்டிக்குத் தற்சார்புச் சான்று (தண்ணீர், கழிவறை, கழிவுத் தொட்டி எல்லாம் வண்டியிலேயே உண்டு என்ற சான்று) வேண்டும். 2023இல் வந்த சட்டப்படி அந்தச் சான்றுக்குக் கழிவறை வண்டியோடு பொருத்தியதாக இருக்க வேண்டும், தூக்கி வைக்கும் பெட்டி செல்லாது. சான்றில் எத்தனை பேர் தங்கலாம் என்ற எண்ணும் இருக்கும், அதையும் பாருங்கள். இன்னொன்று: நாலு பேர் படுக்கலாம் என்று போட்ட வேன் எல்லாவற்றிலும் பிள்ளை இருக்கை மாட்ட முடியாது. ஏழு வயது நிறையாத பிள்ளைக்கு அங்கே அது கட்டாயம். எழுதிக் கேட்டு, பதிலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, உப்புமா ரவை எல்லாம் கடையில் அடைத்து ஒட்டிய பாக்கெட்டாகவே வாங்கினேன். அம்மா அரைத்துக் கொடுத்த பொடியை வீட்டிலேயே வைத்தேன். கருவேப்பிலை எடுக்கவில்லை. நியூசிலாந்தில் உணவு எதுவாக இருந்தாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். பழைய நடைக் காலணிகளையும் அறிவித்தோம், மண் இல்லாமல் கழுவி வைத்திருந்தேன். அதிகாரி ஒரு பெண்மணி. பாக்கெட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எவ்வளவு காரம் என்று மட்டும் கேட்டார்.

குளிரைத்தான் நான் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்று அடித்துச் சொல்வேன். மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. டெக்கபோ பக்கம் இரவில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும். வேன் சூடேற்றிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெளி மின்சாரம் செருகினால் மட்டும் ஓடும். இன்னொன்று டீசலில் ஓடும், எங்கே நின்றாலும் வேலை செய்யும். முதல் வகை வேனை மலிவு என்று எடுத்தால், ஒவ்வோர் இரவும் மின்சார வசதியுள்ள விடுமுறைப் பூங்காவுக்கு, அதாவது வேன்கள் தங்கும் கட்டண முகாமுக்கு, காசு கட்ட வேண்டிவரும். டீசல் சூடேற்றி உள்ள வேன் நாளுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆனால் எங்களால் ஓர் இரவு பூங்காவிலும் மறு இரவு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாமிலும் என்று மாற்றி மாற்றித் தங்க முடிந்தது. பூங்கா இரவில் வெந்நீர்க் குளியல், துணி துவைப்பு, பொதுச் சமையலறையில் மறுநாளுக்கும் சேர்த்துச் சோறு. கழிவுத் தொட்டியைக் காலி செய்வதும் அங்கேயே. அது என் வீட்டுக்காரர் வேலை என்று சாங்கி விமான நிலையத்திலேயே பேசி முடித்திருந்தோம்.

துறை முகாம்களில் எங்களுக்குப் பிடித்தது மவுண்ட் குக் அடிவாரத்தில் உள்ள வைட் ஹார்ஸ் ஹில். விடுதி அறைக்குக் கொடுப்பதில் ஒரு சிறு பங்குதான் கட்டணம். 3,724 மீட்டர் மலை கதவைத் திறந்தால் நிற்கிறது. இரவில் நட்சத்திரம் பார்க்கத் தனியாகக் காசு கட்டும் சுற்றுலாக்கள் அந்தப் பகுதியில் உண்டு. ஊர் முழுக்க விளக்கைக் குறைத்து வைத்திருக்கும் இருள்வான் காப்பகம் அது. நாங்கள் போர்வையோடு வேன் படியில் உட்கார்ந்தோம். பெரியவன் ஐந்து நிமிடத்தில், "மா, குளிருது, உள்ள போலாம்" என்றான்.

எல்லாம் சுகம் என்று சொல்ல மாட்டேன். காலையில் சன்னல் உள்பக்கம் எல்லாம் தண்ணீர் வழியும். துடைப்பதற்கே ஒரு துணி வேண்டும். ரசம் வைத்தால் அந்த வாசனை போர்வையில் இரண்டு நாள் இருக்கும். மழை பெய்த ஒரு பொழுதில் நாலு பேரும் அந்தச் சின்ன இடத்தில் அடைந்து கிடந்தபோது எனக்கு எங்கள் மூன்றறை வீடு அரண்மனையாகத் தெரிந்தது.

இன்னும் மலிவு வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. ஓர் ஊரில் குவிந்துவிட்ட வேன்களை வேறு ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க, நாளுக்கு ஒரு வெள்ளி வாடகைக்குக் கொடுப்பார்கள். என் சக ஊழியரின் தம்பி அப்படிப் போனான். தேதி அவர்கள் சொல்வது, நாட்களும் குறைவு. விடுப்பை எப்போது வேண்டுமானாலும் எடுக்க முடிகிற, பிள்ளை இல்லாத இளசுகளுக்கு ஏற்றது.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அவசரப்படாதீர்கள். எடுக்கும்போதே சுற்றிலும் கூரையையும் சேர்த்து வீடியோ எடுத்திருந்தோம். பின் பம்பரில் ஒரு கீறலைக் காட்டிக் கேட்டார்கள். வீடியோவைக் காட்டினோம், பேச்சு முடிந்தது. டீசல் நிரப்பிய ரசீது, ஓடிய தூரத்தின் படம், இரண்டையும் அட்டையில் பிடித்த தொகை விடுபடும்வரை வைத்திருந்தேன். விடுபடச் சில வாரம் ஆனது. குளிருக்கு வாங்கிய ஜாக்கெட்டுகளில் பிள்ளைகளுடையதைக் கரோசலில் போட்டுவிட்டேன். அடுத்த வருடத்துக்குள் அவர்கள் வளர்ந்துவிடுவார்கள்.