கழுத்தும் அளவுக் கொப்பியும்

பெப்ரவரி 5
வெள்ளவத்தையில், டபிள்யூ.ஏ. சில்வா மாவத்தைச் சந்தியில் சிவப்பு விளக்குக்குக் காரில் நின்றோம். பின்னால் வந்த வான் முட்டியது. பெரிய சத்தம்கூட இல்லை. பம்பர் கொஞ்சம் நெளிந்து, ஒரு விளக்கு உடைந்தது. இன்சூரன்ஸ் தம்பி அரை மணித்தியாலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்து படம் எடுத்து, 38,000 ரூபாய் என்று எழுதினார். "யாருக்கும் அடிபட்டதா?" என்றார். "இல்லைத் தம்பி" என்றேன்.

பெப்ரவரி 6
காலையில் கழுத்து திரும்பவில்லை. மணி பார்க்க உடம்போடு சேர்த்துத் திரும்ப வேண்டியிருந்தது. பெரியாஸ்பத்திரி விபத்துப் பிரிவுக்கு இவர் கூட்டிப்போனார். எக்ஸ்ரேயில் எலும்பு சரி. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், தசையும் தசைநாரும் இழுபட்டதைக் காட்டாது என்றார் டொக்டர். மறுநாள்தான் வலி வருவது வழக்கமாம். இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார், அழுத்தினார், எங்கே வலிக்கிறது என்று கேட்டுக் கேட்டு எழுதினார். கழுத்துப் பட்டை கேட்டேன், தரவில்லை. கழுத்து அசையத்தான் வேண்டுமாம். வரும் வழியில் பொலிஸில் முறைப்பாடும் எழுதிவிட்டோம்.

பெப்ரவரி 11
வான்காரரின் காப்புறுதிக் கம்பனியிலிருந்து போன். 15,000 தருகிறார்களாம், ஒரு கடிதத்தில் கையெழுத்து மட்டும் போதுமாம். மேல் வீட்டுத் தங்கச்சி புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி. கடிதத்தைப் பார்த்ததும், "அக்கா, கை வச்சிராதீங்க" என்றாள். 'முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு' என்று ஒரு வரி. கையெழுத்திட்டால் நாளை கை மரத்தாலும் கேட்க முடியாது. வழக்குப் போட 2 வருடம் இருக்கிறதே, என்ன அவசரம் என்றாள். சீட் பெல்ட் போட்டிருந்தேனா என்றும் கேட்டாள். நம் பக்கமும் பிழை இருந்தால், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த அளவுக்குக் குறைப்பார்களாம். போட்டிருந்தேன். தோளில் அதன் தடம் இன்னும் நீலமாக இருக்கிறது. உடனே படம் எடுக்கச் சொன்னாள்.

பெப்ரவரி 14
பம்பருக்கு விலைப்பட்டியல் இருக்கிறது. என் வேலைக்கு? பிளவுஸ் தைத்துக் கையில் காசு வாங்குகிறேன், ரசீது ஏது? சம்பளத் துண்டு கேட்டால் எங்கே போவது? இரவு படுத்தபடி யோசித்தபோதுதான் அளவுக் கொப்பி நினைவுக்கு வந்தது. திகதி, பெயர், மார்பளவு, கொடுத்த காசு, எல்லாம் அதில் உண்டு. ஜனவரியில் தைப்பொங்கல் லீவு போக 26 நாள், 104 பிளவுஸ். நாளுக்கு நாலு. 6ஆம் திகதியிலிருந்து 7 வேலை நாளில் 11தான். 17 குறைவு.

ஒன்றுக்கு 2,000 என்று நான் சந்தோஷமாகப் பெருக்கியதைத் தங்கச்சி வெட்டினாள். நூல், லைனிங், கரண்ட் கழித்து 1,400தான் என் வருமானம். 23,800. கல்யாண சீசன் என்று கூட்டலாமா என்றேன். கொப்பியில் இல்லாததைக் கேட்டால் இருப்பதையும் நம்பமாட்டார்கள் என்றாள். கோபம் வந்தது, சரி, நியாயம்தான்.

பெப்ரவரி 22
இன்று வலி இல்லை. அதையும் எழுதச் சொன்னாள் தங்கச்சி. வேதனைக்கு நிர்ணயமான விலை இல்லையாம், நீதிபதிதான் மதிப்பார். ஒவ்வொரு நாளும் "தாங்க முடியாத வலி" என்று எழுதிய கொப்பியை யார் நம்புவார்?

பெப்ரவரி 23
நேற்று எழுதியது கண்பட்டது போல. ஊசியில் நூல் கோக்கக் குனிந்ததும் பிடித்துக்கொண்டது. பிசியோ, 3ஆவது தடவை. ரசீது பிஸ்கட் டின்னில்.

மார்ச் 9
கம்பனிக்காரர் நேரில் வந்தார். "அன்று அடிபடவில்லை என்றீர்களே?" இதைத்தான் எதிர்பார்த்தேன். மறுநாள் திகதியிட்ட ஆஸ்பத்திரித் துண்டு, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, பிறகு அளவுக் கொப்பி. கொப்பியைத்தான் கனநேரம் புரட்டினார். போட்டோக்கொப்பி எடுத்துத் தருகிறேன், மூலத்தைத் தரமாட்டேன் என்றேன். நாளைக்குக் கமலாக்காவின் அளவு அதில்தானே இருக்கிறது. பதில் அடுத்த கிழமையாம்.

இன்று 3 பிளவுஸ். நாலாவதில் கை மட்டும் மிச்சம்.